வள்ளத்தில் இல்லாதவள்

இயேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
14.7.2024

அன்புத் தம்பி ரெனிஷுக்கு, அக்கா பிளாரன்ஸ் எழுதுவது. நானும் பிலோமியும் மாதா புண்ணியத்தில் சுகம். நீ எந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு தகவலும் இல்லை. உன் விலாசம் தெரியாததால் உன் கதை வந்த பத்திரிகை ஆபீசுக்கு அனுப்புகிறேன். அவர்களாவது உன் கையில் சேர்க்கட்டும்.

பயப்படாதே, திட்ட மாட்டேன். திட்டுவதற்கு ஆள் கண்ணெதிரே வேண்டும். நீயோ உன் அத்தானுக்கு முப்பதாம் நாள் பூசை முடியும்வரைகூட நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனவன். ஒன்றரை வருசம் ஆகிறது. போனையும் அடைத்துப் போட்டுவிட்டாய்.

போன வாரம் பிலோமியின் தமிழ் டீச்சர் ஒரு பத்திரிகையைக் கொடுத்து, "நம்ம ஊர்க் கடலப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க, படிச்சுட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் சத்தமாகப் படித்தாள். அரைப் பக்கம் தாண்டவில்லை, என் கை நின்றுவிட்டது. சங்கு குளிக்கிறவனுக்கு வேறு பேர் வைத்திருக்கிறாய், உனக்கும் ஏதோ புனைபேர். ஆனால் இடது காதில் பஞ்சு, குதிக்கும் முன்னால் "மாப்ள, வாரேண்டா" என்று ஒரு சத்தம். அது என் பிரைட்டன் இல்லாமல் வேறு யார்? பிலோமிக்கும் புரிந்துவிட்டது. போதும் என்றேன், கேட்காமல் கடைசிவரை படித்தாள். பெற்ற அப்பன் செத்ததை அந்தப் பிள்ளை வாய்விட்டுப் படித்தது, ரெனிஷ்.

கதையில் 'நான்' என்று ஒருத்தன் வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்திருக்கிறான். கடலடியில் இருப்பவனுக்குக் காற்றுப் போகிற பைப்பை வேறு ஒருத்தன் பிடித்திருக்கிறான், அவனுக்குப் பேரே கிடையாது. கீழிருந்து மூன்று இழுப்பு வருகிறது. தூக்கு என்று அர்த்தம். பேரில்லாதவன் தாமதமாகத் தூக்குகிறான். பிணம் வருகிறது. 'நான்' அழுகிறான். கதை முடிந்தது.

பிலோமி கேட்டாள்: "கத சொல்லுத ஆளு ஒண்ணுமே செய்யலியேம்மா. பின்ன அவன் எதுக்கு வள்ளத்துல இருக்கான்?"

நீ எழுதினவன், நீ சொல். பாண்டியராஜன் கையில்தான் பைப்பு இருந்தது என்று நீ போலீசில் கையெழுத்துப் போட்டாய். அவன் கேசு கோர்ட்டில் நடக்கிறது. சாட்சி சொல்ல உன்னைத் தேடுகிறார்கள்.

பதில் போடு. ஒரு வரியாவது போடு.

உன் அக்கா,
பிளாரன்ஸ்


மல்பே துறைமுகம், கர்நாடகா
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, ரெனிஷ் வணங்கி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இங்கே ஐஸ் உடைக்கிற வேலை. கை வெடிக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மூட்டுவலி எப்படி? பிலோமி பத்தாவது வந்திருப்பாள். பனிமயமாதா திருவிழா முடிந்திருக்கும். ஐந்தாம் தேதி காலையில் இங்கே தனியாக உட்கார்ந்து செபமாலை சொன்னேன்.

பிலோமியே படிப்பாள் என்று நினைக்கவில்லை அக்கா. மன்னித்துக்கொள். போன் வாங்கச் சொல்லாதே. உன் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. தாளில் எழுதிவிடுவேன்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. அவளிடம் இப்படிச் சொல்: கதை சொல்லுகிறவன்தான் கதையின் முக்கிய ஆளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சப்பரம் வருகிறதைப் பற்றிச் சொல்லுகிறவன் சப்பரத்தில் ஏறியா சொல்லுகிறான்? தெரு ஓரத்தில் நின்றுதான் சொல்லுகிறான். அது அத்தான் கதை. அவர் நீச்சல், அவர் கேலி, அவர் சாவு. நான் ஓரத்தில் நின்றேன், பார்த்ததைச் சொன்னேன். 'நான்' என்று எழுதிவிட்டால் எல்லாம் என்னைப் பற்றியது ஆகிவிடுமா?

கோர்ட்டுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். அதைக் கிளறாதே அக்கா.

பிலோமிக்கு என் முத்தம்.

தம்பி,
ரெனிஷ்


திரேஸ்புரம்
25.8.2024

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. கைக்குத் தேங்காய் எண்ணெய் போடு, வெடிப்பு ஆறும். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு என்னை விட்டால் யார்? உன் எழுத்தைப் பார்த்ததும் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சப்பரக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. படித்தவன் இல்லையா, வாய்க்கு வக்கணையாக வருகிறது. ஆனால் சப்பரம் சாய்ந்து ஒருத்தன் செத்தால், தோள் கொடுத்தது யார் என்றுதான் ஊர் கேட்கும். ஓரத்தில் நின்றவன் எப்படி அழுதான் என்றா கேட்கும்?

நம் கடலில் பெரியவர்கள் போட்ட முறை உனக்குத் தெரியாதா? குளிக்கிறவன் பைப்பு அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான் கையில்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி என்றால் பங்கு பாகத்தை நினைப்பான், கூட்டாளி என்றால் பழைய சண்டையை நினைப்பான். மச்சினன் ஒருத்தன்தான் கூடப் பிறந்தவள் தாலி அறுவதைப் பொறுக்க மாட்டான். போலீஸ்காரருக்கு இது தெரியாது. திரேஸ்புரத்துக்குத் தெரியாதா? மீன் ஏலத்தில் நின்றால் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். "மச்சினன் வள்ளத்துல இருக்கும்போது கூலிக்கு வந்தவன் கைக்குப் பைப்பு எப்படிப் போச்சு?" இப்படித்தான் பேச்சு.

பாண்டியராஜன் சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள். கடலுக்கு வந்தே மூன்று வருசம்தான். இப்போது ஜாமீனில் இருக்கிறான், ஒரு வள்ளத்திலும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். அவன் பெண்டாட்டி முத்துக்கனி நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரு பைப்பத் தொடவே இல்லங்காரு. நீங்களாவது தம்பிகிட்டக் கேளுங்க" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ரெனிஷ், நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "என் கையில் பைப்பு இல்லை அக்கா" என்று ஒரே ஒரு வரி எழுது. அதைப் படித்துவிட்டு நான் செத்தாலும் சாவேன். அந்த ஒரு வரி எனக்கு வேண்டும்.

அக்கா,
பிளாரன்ஸ்


மல்பே
20.9.2024

அன்பு அக்காவுக்கு, ரெனிஷ். நலம். நீங்கள் நலமா? எண்ணெய் போடுகிறேன். இங்கே மழை இன்னும் விடவில்லை. என்னோடு குளச்சல்காரர் ஒருத்தர் இருக்கிறார், மரவள்ளிக்கிழங்கும் மீனும் நன்றாக வைப்பார். பத்திரிகையில் இன்னொரு கதை கேட்டிருக்கிறார்கள். எழுத வரவில்லை. பிலோமி எந்தப் பாடத்தில் கெட்டி? கணக்கா, அறிவியலா? எபனேசர் அண்ணாச்சி நாங்கள் போன அந்த வள்ளத்தை விற்றுவிட்டாரா, இன்னும் ஓட்டுகிறாரா?

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

ரெனிஷ்


திரேஸ்புரம்
3.10.2024

ரெனிஷுக்கு,

நாங்கள் சுகம். எபனேசர் அண்ணாச்சி வள்ளத்தை விற்கவில்லை. வேறு ஆள் வைத்து ஓட்டுகிறார்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாளின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். நான் கேட்ட வரி அதில் இல்லை.

பிளாரன்ஸ்


மல்பே
1.11.2024

அன்பான அக்கா,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அத்தான் கல்லறைக்கு நீ பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாய். எனக்கும் சேர்த்து ஒன்று ஏற்று என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீ கேட்ட வரியை எழுதப் பல தாள் கிழித்தேன். எழுத முடியாது அக்கா, ஏனென்றால் பைப்பு என் கையில்தான் இருந்தது. பாண்டியராஜன்தான் அணியத்தில் இருந்தான். கதையில் நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: அவன் இடத்தில் என்னை உட்காரவைத்தேன், என் இடத்தில் பேரில்லாத ஒருத்தனை நிறுத்தினேன்.

பத்துப் பாகம், அறுபது அடி ஆழம். அத்தான் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் காற்றுத் திசை திரும்பியது. இஞ்சின் புகை, பைப்புக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரசருக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. அத்தான் மூன்று இழுப்பு இழுத்தார். நான் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கி வைத்திருந்த படம். அந்தச் சுவாரசியத்தில் பைப்பு இழுபட்டது எனக்கு உறைக்கவில்லை. பாண்டியராஜன் கத்திய பிறகுதான் தூக்கினேன். வாயில் நுரை இருந்தது.

கரைக்கு வந்ததும் எபனேசர் அண்ணாச்சி காதோடு சொன்னார். "ஏலே, அக்கா புருசன நீயே கொன்னுட்டன்னு ஊரு பேசும். அவ உன் மூஞ்சியில முழிப்பாளா? கூலிக்காரன் கையில இருந்துச்சுன்னு சொல்லிரு." சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

ரெனிஷ்


திரேஸ்புரம்
24.11.2024

ரெனிஷ்,

சுகம் விசாரிக்க மனசில்லை. விசாரிக்கவில்லை.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பாவி என்று ஒரு நாள் எழுதினேன். தம்பி என்று மறுநாள் எழுதினேன். இரண்டையும் அடுப்பில் போட்டேன். கல்லறையில் ஒரு மெழுகுவர்த்திதான் ஏற்றினேன்.

போன் பார்த்தாய். சரி. போன்தான்.

ஒன்று கேள். உன் பாவத்துக்கு ஊரான் பிள்ளை சிறைக்குப் போகக் கூடாது. முத்துக்கனிக்கு ஆறாம் மாசம். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி வாய்தா. நீ வருகிறாய். வந்து, பைப்பு என் கையில் இருந்தது, போன் பார்த்துக்கொண்டிருந்தேன், பாண்டியராஜனுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லுகிறாய். ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த கதை போதும். உன் கதைக்கு நீதான் ஆள், நடுவில் வந்து நில்.

வக்கீல் துருவித் துருவிக் கேட்பார். போன் என்று சொல். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே. கேட்டதற்கு மட்டும் பதில்.

பிளாரன்ஸ்


மல்பே
20.12.2024

அன்பு அக்காவுக்கு, ரெனிஷ் எழுதுவது. உனக்கும் பிலோமிக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. குளிருக்கு மூட்டைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடியே வருகிறேன். இருபத்தொன்றாம் தேதி காலையில் தூத்துக்குடியில் இருப்பேன். போன் என்றே சொல்லுவேன், அதற்கு மேல் ஒரு சொல் வராது. என் கதையில் வேறு யாரும் வரமாட்டார்கள் அக்கா, அன்றைக்கும் வரவில்லை, இனியும் வரமாட்டார்கள். நீ நிம்மதியாக இரு. பிலோமியை நன்றாகப் படிக்க வை.

நீ என்னைத் தம்பி என்று எழுதி அடுப்பில் போட்டாலும், எழுதினாயே, அது போதும்.

உன் தம்பி,
ரெனிஷ்


இயேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
8.1.2025

என் தம்பி ரெனிஷுக்கு, அக்கா எழுதுவது. நீ சாப்பிட்டாயா? எனக்குச் சாப்பாடு இறங்கி நாலு நாள் ஆகிறது.

உன் கடிதங்களை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிலோமி எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு நேரே வந்து கேட்டாள்: "மாமா போன் அன்னைக்கு எங்கிட்டல்லா இருந்துச்சு? எனக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகல. நாள் பூரா அதுலதான் கேம் ஆடிட்டுக் கெடந்தேன். மாமா எப்படிம்மா கடல்ல படம் பாத்தாரு?"

ஞாபகம் இல்லை என்றேன். பொய். உன் நவம்பர்க் கடிதத்தைப் படித்த அந்த நிமிசமே எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் 'போன்தான்' என்று எழுதினேன். உன்னை நடுவில் வந்து நில் என்று விரட்டிவிட்டு, நான் வசதியாக ஓரத்தில் நின்றுகொண்டேன். அக்காக்காரி லட்சணம் அது.

இனி நானே எழுதுகிறேன். நீ எழுதாமல் விட்டதை.

அன்று விடியற்காலை. அவர் காதிலிருந்து மறுபடியும் ரத்தம் வந்திருந்தது, தலையணை உறையில் பார்த்தேன். இனி இறங்கினால் செவிடாவார், சாகவும் செய்வார் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாசம் ஆகியிருந்தது. அழுது பார்த்தேன், பிலோமி மேல் ஆணையிடச் சொன்னேன், சிரித்தார். நீ அடுப்பங்கரையில் நின்று கடுங்காப்பி குடித்தாய். நான் உன் காதருகே வந்து சொன்னேன்: "ஏலே, அவரு இழுத்தா ஒடனே தூக்காத. அம்பது எண்ணு, பெறகு தூக்கு. ஒரு நாளு நல்லாப் பயந்தாத்தான் இந்த மனுசன் கரையில இருப்பாரு." நீ வேண்டாம் என்றாய். "அக்கா சொல்லுதேம்லா, ஒண்ணும் ஆவாது" என்றேன். புகை வரும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எல்லாரும் மச்சினன் கையை நம்பினார்கள். நானும் அதை நம்பித்தான் அப்படிச் சொன்னேன்.

"பைப்பு என் கையில் இல்லை" என்ற வரியை ஏன் கெஞ்சினேன் என்று இப்போது தெரிகிறதா? உன் கையில் இல்லையென்றால் என் வாயிலும் இல்லை.

கதை சொல்லுகிறவன் கதையின் முக்கிய ஆளாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதினாயே, சரிதான். ஆனால் அந்த ஆள் பிரைட்டனும் இல்லை. வள்ளத்திலேயே இல்லாத ஒருத்தி. அவளைக் காப்பாற்றத்தான் நீ அணியத்தில் போய் உட்கார்ந்தாய், போலீசிலும் பொய் சொன்னாய், ஊரையும் விட்டுப் போனாய்.

நீ போன் என்று சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல். பாண்டியராஜனின் வக்கீலைப் பார்த்து நானும் சாட்சி சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா,
பிளாரன்ஸ்


திரேஸ்புரம்
24.1.2025

ரெனிஷ், என் தம்பி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். தெரியும்.

இருபத்திரண்டாம் தேதி நீ வரவில்லை. கோர்ட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் ஸ்டேஷனுக்கும் போய் நின்றேன். கூண்டில் ஏறி என் பேரைச் சொல்ல உனக்கு மனசில்லை, அதனால்தான் வரவில்லை.

பாண்டியராஜன் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகச் சொன்னான்: "எனக்குத் தெரியும்க்கா. தூக்குலேன்னு நான் கத்துனப்பவே, அக்கா சொல்லிருக்கான்னு ரெனிஷு சொன்னான். பைப்பு எங்கிட்ட இல்லன்னு மட்டுந்தான் நான் சொன்னேன். தாலியறுத்த பொம்பள பேர எப்படி எடுக்க?" ரெண்டு வருசம் ஊர் அவனைக் காறித் துப்பியிருக்கிறது. எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கூண்டில் ஏறினேன். சம்பவத்தைப் பார்த்தீர்களா என்று அரசாங்க வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். வள்ளத்தில் இருந்தீர்களா? இல்லை, அடுப்பங்கரையில் இருந்தேன் என்றேன். "அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். "நான் பாத்தவ இல்லய்யா. அப்படிச் செய்யச் சொன்னவ" என்றேன். அப்புறம் நான் உன் காதில் சொன்னதை, அதே வார்த்தையில் சொன்னேன். ஜட்ஜு நிறுத்தி நிறுத்தி எழுதச் சொன்னார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாண்டியராஜனுக்கு நல்லபடியாக முடியும் என்று அவன் வக்கீல் சொல்லுகிறார். முத்துக்கனி என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு புருசனோடு படி இறங்கிப் போனாள். அவளிடம் நானும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

பிலோமியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் போனேன். அவள் போகவில்லை. சீருடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள், எனக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தாள். பிறகு பெரியதாழையில் இருக்கிற அவள் அத்தைக்குப் போன் பண்ணினாள். நேற்றுக் காலையில் அத்தை வந்து கூட்டிக்கொண்டு போனாள். பரீட்சையை அங்கிருந்தே எழுதுவாளாம். படி இறங்கும்போது ஒன்று கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா, நீ சொல்லித்தான்னு?" தெரியாது என்றேன். "அப்ப அவரு கடைசி வரைக்கும் மாமாவத் திட்டிக்கிட்டே செத்திருப்பாரு" என்றாள்.

வீட்டில் இப்போது நான் மட்டும். அடுத்த வாய்தா பிப்ரவரி பதினெட்டு. உனக்குப் பிடிவாரண்டு போட்டிருக்கிறார்கள். போலீஸ் மல்பேக்கு வந்தால் ஓடாதே. அதற்கு முன் நீயாக வந்தால் நல்லது. உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, என்னைப் பார்க்க உனக்கும் இருக்காது. இருந்தாலும் வா. என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கு பாக்கி இருக்கிறது. அதை நான் சொல்ல முடியாது.

வெறும் வயிற்றோடு பயணம் பண்ணாதே.

அக்கா,
பிளாரன்ஸ்